இருவராக இறங்க வேண்டிய ஏரி

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள், காலை பத்தேகால் மணி. சிவகாசியில் பயணச்சீட்டு விற்பவர்கள் அந்த மாதத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஊர் முழுவதும் தீபாவளி ஆர்டரை அனுப்பிக்கொண்டிருக்கும். ஊரைவிட்டுப் போக ஒருவருக்கும் நேரமிராது. பண்டிகை முடிந்ததும் கம்பெனிகள் பூட்டப்படும், அதன் பிறகு ஒரு மாதம் எங்களுக்கு மூச்சுவிட முடியாது. பிறர் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் வீடு திரும்பும் இத்தொழிலின் துன்பத்தை, என்னைப் போலவே இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அறிவீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் விருதுநகரில் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். சிவகாசியில் இந்த ஒற்றை அறைப் பயண முகவர் அலுவலகத்தை நடத்திவந்தவர் என் கணவர். அவர் காலமான பிறகு, மூடிவிடலாம் என்றுதான் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன். மேசைமீது பாதி நிரப்பிய படிவம் ஒன்று கிடந்தது. நிரப்பாத படிவத்தை அப்படியே விட்டுப் போக என்னால் ஆகாது. அதை நிரப்ப உட்கார்ந்தவள் நான்கு ஆண்டுகளாகப் பேருந்தில் வந்து போய்க்கொண்டிருக்கிறேன். உலகப் படத்தில் எந்த நகரையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவேன். விமானத்தில் மட்டும் இதுவரை ஏறியதில்லை.

இரண்டு டிகிரி

அன்று காலை வந்தவர் தனபால். விஸ்வநத்தம் பக்கத்தில் சிறிய பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர், நாற்பத்தைந்து வயது, மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. சீசன் உச்சத்தில் இருக்கும்போது ஒரு முதலாளி வேலை நேரத்தில் என் அலுவலகத்துக்கு வந்ததே வியப்பு. அலுமினியப் பொடி படிந்து வெள்ளி நிறமான விரல் நகங்களோடு, நான்காய் மடித்த ஒரு தாளை என் முன் விரித்தார். ஐஸ்லாந்து நாட்டில், பாறைப் பிளவொன்றில் தேங்கி நிற்கும் ஏரியின் படம் அது. காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு அதற்குள் முழுகிப் பார்க்க, உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் இரண்டு டிகிரி.

நான் வழக்கப்படி கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். முன்பு முழுகிய அனுபவம் உண்டா? உண்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அந்தமானில் ஐந்து நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். குளிர்ந்த நீரில்? இல்லை. அந்தப் படம் அந்தமான் பயிற்சிக் கூடத்துச் சுவரில் இருந்ததாம், கேட்டு வாங்கி வந்தாராம். அந்தமானுக்கே மறுபடி போகலாமே, செலவு பத்தில் ஒரு பங்குதானே என்று நினைவூட்டினேன். வாடிக்கையாளரின் பணத்தை மிச்சப்படுத்தித்தான் என் கணவர் இந்தத் தொழிலில் முன்னேறாமலே இருந்தார். இத்தனை தொலைவு போய் அந்த நீருக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். தனபால் சொன்னார்:

"வீட்டுல யாரும் பேசாம இருந்தாத்தான் வலிக்கு டீச்சர். தண்ணிக்குள்ள யாராலயும் பேச முடியாதுல்ல, அது நியாயமா இருக்கு."

உடன் இறங்குபவர்

முழுகும் ஏற்பாட்டைச் செய்யும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டாம் நாளே பதில் வந்தது. ஏரிக்குள் ஒருவரைத் தனியாக விடமாட்டார்கள். இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும். ஒருவருக்குக் காற்று குறைந்தால் மற்றவர் கொடுக்க வேண்டும். ஒருவரை மற்றவர் கண்ணைவிட்டு விலக விடக்கூடாது. உடன் இறங்க ஆள் இல்லாதவர் தனிக் கட்டணம் கொடுத்து அவர்களுடைய வழிகாட்டி ஒருவரைத் துணைக்குக் கொள்ளலாம். படிவத்தில் 'உடன் இறங்குபவர்' என்று ஒரு வரி இருந்தது.

தனபால் பேனாவை வாங்கி, தயங்காமல் எழுதினார்: ரத்தினவேல். அது அவருடைய அண்ணன் பெயர். அண்ணன் தம்பி இருவருக்கும் இடையே மூன்று ஆண்டுகளாகப் பேச்சு இல்லை என்பதை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. கம்பெனியை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஆளுயரச் சுவர் எழுப்பி, ஆளுக்கொரு பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். அந்தமானுக்கு இருவரும் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள்; அதுதான் அவர்கள் சேர்ந்து போன கடைசிப் பயணம். தொழில் தொடங்கிய காலத்தில், ஆள் வைக்க வசதியில்லாமல், வெடிமருந்துக் கலவை அறையில் பதினொரு ஆண்டுகள் இருவரும் தாங்களே நின்றவர்கள். வெயில் ஏறுவதற்குமுன் முடித்துவிட வேண்டிய வேலை. உள்ளே பேசக்கூடாது, ஒருவர் கண்ணைக் காட்டினால் மற்றவருக்குப் புரிய வேண்டும்.

"அண்ணன் வருகிறேன் என்று சொன்னாரா, தம்பி?" என்று கேட்டேன். அவர் படிவத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கலவை ரூம்ல ஒத்த ஆளு நின்னாக் குத்தம் டீச்சர். அந்த ஊரு தண்ணியிலயும் அதே சட்டம்தான் போலருக்கு."

நான் செய்த திருத்தம்

உடைப் பட்டியல் ஒன்றையும் அந்த நிறுவனம் அனுப்பியிருந்தது. நீர் புகாத முழு உடையை அவர்களே கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அணியக் கம்பளி அல்லது செயற்கை இழைத் துணி கொண்டுவர வேண்டும், பருத்தி ஆகவே ஆகாது என்று எழுதியிருந்தது. அதைத் தமிழில் எழுதும்போது என் கை நின்றது. பட்டாசுக் கம்பெனி வாசலில் நைலான் சேலையோடு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பும் ஊர் இது. செயற்கைத் துணி உராய்ந்தால் பொறி பறக்கும், பருத்திதான் பாதுகாப்பு. முதுகில் அழுத்திய காற்றைச் சுமந்துகொண்டு போகிறவருக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்? தட்டச்சு செய்தவர் சொற்களை இடம் மாற்றிவிட்டார் என்று நானே முடிவுசெய்து, பட்டியலைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். முப்பத்தோர் ஆண்டுகள் பிறர் விடைத்தாளைத் திருத்திய கை அல்லவா!

தனபால் ஆறு ஜோடி பருத்தி உள்ளாடை தைத்து முடித்த பிறகு எனக்கு உறுத்தியது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், அந்தக் குளிரில் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால்தான் தடுத்திருக்கிறோம் என்று பொறுமையாக விளக்கியிருந்தார்கள். நான் தனபாலை வரவழைத்து, தவறு என்னுடையது என்று நேராகச் சொல்லி, தையல் கூலியைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தேன். அவர் வாங்கவில்லை. சிவகாசியில் கம்பளி என்றால் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வாங்கும் குரங்குக் குல்லாய்தான். ஆகவே சென்னையிலிருந்து செயற்கைக் கம்பளி உடை தருவித்தோம். வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் காலை வந்தார்.

"களட்டும்போது படபடன்னு பொறி பறக்கு டீச்சர். இதப் போட்டுக்கிட்டு எவனாவது எங்கம்பெனிக்கு வந்தா, கேட்டுலயே வச்சுக் கணக்க முடிச்சு அனுப்பிருவேன்."

ஜோடிப் பெட்டிகள்

இந்த வட்டாரத்து மக்களை வெளிநாடு அனுப்பும் முகவர்கள் மட்டுமே அறிந்த ஒரு தொல்லை உண்டு. விமான நிலையத்தில் பெட்டியை ஒரு சிறு துணியால் துடைத்து இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வெடிமருந்தின் துகள் இருந்தால் அது கூவிவிடும். என் வாடிக்கையாளர் ஒருவரை, பாவம், இறக்குமதி வியாபாரம் பேசப் போனவரை, ஒரு நாள் முழுக்கக் கேள்வி கேட்டு உட்காரவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து என் விதி கண்டிப்பானது. கம்பெனிக்காரர்கள் புதுப் பெட்டி, புதுச் செருப்பு, புதுத் துணி வாங்க வேண்டும். வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கடையிலிருந்து நேரே என் அலுவலகத்தில் வைக்க வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே கம்பெனிப் பக்கம் போவதை நிறுத்திவிட வேண்டும்.

தனபால் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் வாங்கிவந்தார். இரண்டாவது பெட்டிக்குள் அண்ணனுக்கும் அதே செயற்கைக் கம்பளி உடை, ஓர் அளவு பெரியதாக. ஏழு வாரம் அவை சுவரோரம் நின்றன. அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் பேச்சியம்மாள், முன்பு தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கியவள். எதையும் வரிசையாக நிறுத்தாமல் அவளுக்கு மனம் ஆறாது. தினமும் இரண்டையும் துடைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து நிறுத்துவாள். ஒருநாள் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பெட்டிக ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்கிதுக டீச்சர். ஆளுகதான் நிக்க மாட்டேங்குறாக."

யார் கேட்டது

பெயரை எழுதியாயிற்று, ஆனால் விசாவுக்கு ரத்தினவேலின் பாஸ்போர்ட்டும் கையெழுத்தும் வேண்டும். அண்ணனிடம் போய்க் கேளுங்கள் என்று தனபாலிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அவர் மேசையில் கண்ணாடிக்கு அடியில் இருந்த உலகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், நானே ஆட்டோ பிடித்து ரத்தினவேலின் கம்பெனிக்குப் போனேன். லோடு ஏறிக்கொண்டிருந்தது; அவர் லாரியின் பக்கத்தில் நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டார். அலுவலக அறைக்குப் போனவர், பாஸ்போர்ட்டுடன் திரும்பி வந்தார். அது சென்ற ஆண்டுதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. எங்கும் போகாதவர் அதை எதற்காகப் புதுப்பித்தார் என்று நான் கேட்கவில்லை. காட்டிய இடங்களில் கையெழுத்திட்டார். பிறகு, "அவன் கேக்கச் சொன்னானா, நீங்களா வந்தீகளா?" என்றார். பொய் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. அவர் உங்கள் பெயரை எழுதினார், கேட்கச் சொல்லவில்லை என்றேன். ரத்தினவேல் தலையை அசைத்துவிட்டு லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலையில் தனபாலை அழைத்து, உங்கள் அண்ணன் உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் எதிர்பார்க்கிறார் என்று, வகுப்பில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னேன். அவருக்கு நான் சொன்னது உண்மையிலேயே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பதினொரு ஆண்டுகள் பேசாமலே வேலை செய்து பழகிய இருவருக்கும், பேசித்தான் தீர வேண்டிய வேலையும் உண்டு என்பது தெரியாமலே போயிருந்தது.

"பேர எளுதிட்டம்ல டீச்சர். அதுக்கு மேல என்னத்தக் கேக்கணும்?"

புறப்பாடு

விசா இருவருக்கும் வந்தது. தீபாவளி முடிந்து பன்னிரண்டாம் நாள், காலை ஏழு மணிக்கு, மதுரைக்குப் போகும் கார் என் அலுவலக வாசலில் நின்றது. ரத்தினவேலின் வீட்டுக்கு நாளும் நேரமும் எழுதி அனுப்பியிருந்தேன். ஏழே முக்கால் வரை காத்திருக்கலாம், அதற்குமேல் தாமதித்தால் விமானம் போய்விடும் என்று தனபாலிடம் கணக்கிட்டுச் சொன்னேன். அவர் நகங்களை ஒட்ட வெட்டி, பத்து நாளாகத் தேய்த்துத் தேய்த்து அந்த வெள்ளி நிறத்தைப் போக்கியிருந்தார். கைகள் வேறு யாருடையவோ போல இருந்தன.

காத்திருந்த நேரத்தில் கடைசிப் படிவத்தை நீட்டினேன். விபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தை அவர் ஒவ்வொரு முறையும் காலியாகவே விட்டிருந்தார். அந்த இடத்தில் பேனாவை வைத்தார். பிறகு, "ஒங்க நம்பரப் போட்டுக்கிடட்டா டீச்சர்?" என்று கேட்டார். சரி என்றேன். என் பெயரை அந்தக் கட்டத்தில் கடைசியாக எழுதியவர் என் கணவர், மருத்துவமனையில் சேர்ந்த அன்று. அதன் பிறகு எவருக்கும் அது தேவைப்பட்டதில்லை. என் படிவங்களில் அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கும் பெயர் இருந்ததில்லை.

ஏழே முக்கால் ஆயிற்று. தெருவில் யாரும் வரவில்லை. பட்டாசு எல்லாம் விற்றுத் தீர்ந்து, கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் நாள்கள் அவை. வட்டாரத்தில் ஒரு லாரிகூட அசையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு பெட்டியை மட்டும் காரில் ஏற்றினார். ஏறுவதற்குமுன் என் வாசல் இரும்புக் கதவை உள்ளங்கையால் ஒரு முறை தொட்டார். கலவை அறை வாசலில் பூமிக்குள் இறக்கிய செம்புக் கம்பி ஒன்று இருக்கும். உடம்பில் தங்கிய மின்சாரம் இறங்கிப் போக, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க வேண்டும். அந்தப் பழக்கம்.

"அண்ணனுக்கு லோடு இருக்கும் டீச்சர்."

ஐந்தரை மணி

தனபால் ஏரியில் இறங்க வேண்டிய நேரம் அங்கே நண்பகல். நமக்கு மாலை ஐந்தரை. அன்று கார்த்திகைத் தீபம். பேச்சியம்மாள் விளக்கு வைக்க வேண்டும் என்று நாலு மணிக்கே போய்விட்டாள். எனக்கு வீட்டில் விளக்கு ஏற்றக் காத்திருப்பவர் யாருமில்லை. தொலைபேசியின் எதிரில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் நீருக்குள் இருப்பார். வெளியே வந்ததும் நிறுவனத்துத் தொலைபேசியிலிருந்து அழைக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தேன். ஐந்து நாற்பதுக்கு வாசலில் நிழல் தட்டியது. ரத்தினவேல். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரோரம் நின்ற ஒற்றைப் பெட்டியைப் பார்த்தார். "எறங்கிட்டானா?" என்றார். இறங்கியிருப்பார் என்றேன். "கூட யாரு?" என்றார். கூலிக்கு ஒரு வழிகாட்டி என்றேன். தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. ஆறு மணி ஆயிற்று, ஆறேகால் ஆயிற்று. அவர் தம் இரு உள்ளங்கைகளையும் முழங்கால்மீது விரித்து வைத்திருந்தார். நகங்களில் வெள்ளி நிறம்.

ஆறு இருபத்திரண்டுக்கு மணி அடித்தது. பற்கள் கிடுகிடுக்கும் குரலில், "வெளிய வந்துட்டேன் டீச்சர்" என்றார் தனபால். ஏன் தாமதம் என்று கடிந்துகொண்டேன்; உடையைக் கழற்றக் கை மரத்துப்போய்விட்டதாம். உங்கள் அண்ணன் இங்கே இருக்கிறார் என்று சொல்லி, தொலைபேசியை எதிரே நீட்டினேன். ரத்தினவேல் கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் இல்லை என்று அசைத்தார். அந்த முனையிலும் சத்தம் இல்லை. நான் கையை மடக்காமல் வைத்திருந்தேன். தோள் வலித்த பிறகுதான் காதுக்குக் கொண்டுவந்தேன். "எறங்கு முன்ன கம்பியத் தொட்டேன்னு சொல்லுங்க டீச்சர்" என்றது அந்தக் குரல். ஏரிக்குள் இறங்க அங்கே இரும்புப் படிக்கட்டு ஒன்று உண்டாம். அப்படியே சொன்னேன். ரத்தினவேல் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார்.

"தொடாம எறங்குவானா அவன்" என்றார், தெருவைப் பார்த்து.

வரவு

பயன்படுத்தாத பயணச்சீட்டை ரத்து செய்ததில் பதினோராயிரம் ரூபாய் நட்டம். தனபால் திரும்பி வந்து, மார்கழி பிறந்ததும் முதல் வேலையாக அதைக் கட்டினார். தை பிறந்து நான்காம் நாள் ரத்தினவேல் அதே தொகையைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். தம்பி ஏற்கெனவே கட்டியாயிற்று என்று நான் சொன்னதற்கு, "அவன் கட்டுனது அவன் பாடு, டீச்சர். இது எஞ்சீட்டு" என்று சொல்லிவிட்டு, சாம்பல் நிறப் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு போனார். ஒரு தொகையைத் திருப்பித் தர இருவர் வீட்டுக்கும் இருமுறை போய்வந்தேன். இருவரும் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்து, மற்றவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். ஆகவே, மார்கழியில் தம்பியும் தையில் அண்ணனும் ஒரே இருக்கைக்காகக் கட்டியதில் மிஞ்சிய அந்தப் பதினோராயிரம், இருவர் பெயரும் எழுதிய ஓர் உறையில் என் இழுப்பறைக்குள் கிடக்கிறது. பாகம் பிரித்த பிறகு அவர்களுக்குப் பொதுவாக இருக்கும் ஒரே சொத்துக்கு, விமானம் ஏறாத நான் காவல் இருக்கிறேன்.